திருத்தும் முன் எவ்வளவு தப்பு என்று எழுதிக்கொள்ளுங்கள்

மாதத்தின் 20ஆம் தேதி, மாலை ஐந்து மணி. ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்யக் கடைசி நாள். கணக்குப் பிரிவிலிருந்து போன் வருகிறது: "தம்பி, ஜிஎஸ்டி சைட்டே திறக்க மாட்டேங்குது. பேங்க் சைட்டும் அப்படித்தான். நெட் போயிருச்சான்னு கொஞ்சம் வந்து பாருங்க." நீங்கள் போய்ச் சேர்வதற்குள் மோடத்தை இரண்டு முறை அணைத்துப் போட்டிருப்பார்கள். பிரவுசரை நீக்கி மறுபடி நிறுவியிருப்பார்கள். இணைய இணைப்புக்காரருக்கும் போன் போயிருக்கும். விடையோ திரையின் வலது கீழ் மூலையில், யார் கண்ணிலும் படாமல் நிற்கிறது: 01-01-2015.

ஒவ்வொரு பாதுகாப்பான இணையதளத்துக்கும் ஒரு சான்றிதழ் உண்டு. அது இன்ன நாளிலிருந்து இன்ன நாள்வரை செல்லும் என்று அதிலேயே எழுதியிருக்கும். கணினி 2015இல் இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தால், இந்த ஆண்டு வழங்கிய சான்றிதழ் அதன் கணக்கில் இன்னும் தொடங்கவே இல்லை. அதனால் பிரவுசர் கதவைச் சாத்துகிறது. பிரவுசர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது.

அலுவலகக் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் புதிதாகச் சேர்ந்தவர்கள் இந்த இடத்தில் ஒரே மாதிரி செய்வதைப் பல ஆண்டுகளாகப் பார்க்கிறேன். மூலையைச் சொடுக்கி, தேதியை மாற்றி, தளம் திறந்ததும் கிளம்பிவிடுவார்கள். இரண்டு நாளில் அதே மேசையிலிருந்து மறுபடி அழைப்பு வரும். நேரத்தை மாற்றியதோடு தடயத்தையும் அழித்துவிட்டார்கள், அதுதான் காரணம். கடிகாரக் கோளாறில் பிழையின் அளவுதான் காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். மூன்று நிமிடம் தப்பினால் ஒரு காரணம், ஐந்தரை மணி நேரம் தப்பினால் இன்னொன்று, பத்து ஆண்டு தப்பினால் வேறொன்று.

ஆகவே மவுசைத் தொடும் முன் செல்போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். கணினி காட்டும் தேதி, நேரம், ஆண்டு மூன்றும் அதில் தெரிய வேண்டும். பக்கத்தில் செல்போன் காட்டும் சரியான நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த மேசைக்காரரிடம் இரண்டு கேள்விகள்: கடைசியாக எப்போது சரியாக இருந்தது? நேற்றிரவு கணினி அணைந்திருந்ததா, ஓடிக்கொண்டிருந்ததா? இரண்டாவது கேள்விதான் முக்கியம். ஒரு கணினிக்குள் இரண்டு கடிகாரங்கள் இருப்பதால் அப்படிச் சொல்கிறேன்.

ஒன்று மதர்போர்டில் இருக்கிறது. மின்சாரம் இல்லாதபோதும் ஒரு பட்டன் செல்லின் தயவில் ஓடுவது. அதன் இதயம் இசைக்கவை வடிவில் வெட்டிய சின்னக் குவார்ட்ஸ் படிகம். விநாடிக்கு 32,768 முறை அதிரும். ஏன் இந்த எண் என்றால், இதைப் பதினைந்து முறை பாதியாக்கினால் சரியாக ஒன்று வரும். அந்த ஒன்றுதான் ஒரு விநாடி. உங்கள் கைக்கடிகாரத்திலும் பெரும்பாலும் இதே படிகம்தான். பத்து லட்சத்தில் இருபது பங்கு அது பிசகினாலும் நாளுக்கு ஏறக்குறைய 1.7 விநாடி வித்தியாசம் வந்துவிடும். மாதத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு நிமிடம். வெப்பம் ஏறினாலும் இறங்கினாலும் அதிர்வு சற்று மாறும். கணினிக் கடிகாரம் சில விநாடி தப்புவது நோயே அல்ல, அதன் இயல்பு.

இரண்டாவது கடிகாரம் விண்டோஸ் அல்லது லினக்ஸ் வைத்திருப்பது. கணினி எழும்போது முதல் கடிகாரத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டு, அதன்பின் தன் கணக்கில் விநாடிகளை எண்ணிக்கொண்டு போகும். இடையிடையே இணையத்தில் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ளும். திருத்திய நேரத்தை மதர்போர்டுக் கடிகாரத்திலும் எழுதிவைக்கும். திரையின் மூலையில் நாம் பார்ப்பது இந்த இரண்டாவதைத்தான். அணைந்திருந்தபோது தப்பினால் குற்றவாளி முதல் கடிகாரம். ஓடும்போது தப்பினால் இரண்டாவது. இந்த ஒரு பிரிவினையே பாதி வேலையை முடித்துவிடும்.

(1981இல் வந்த முதல் ஐபிஎம் பிசியில் செல்லோடு ஓடும் கடிகாரம் கிடையாது. ஒவ்வொரு காலையும் இயக்கியதும் தேதியையும் நேரத்தையும் மனிதர்தான் தட்டச்ச வேண்டும். 1984இல் வந்த பிசி ஏடியில்தான் மோட்டரோலாவின் கடிகாரச் சில்லு பலகையிலேயே வந்தது, அதற்கொரு பேட்டரியும் கூடவே வந்தது. செல் தீர்ந்த இன்றைய கணினி நம்மை 1981க்கே அழைத்துப்போய்விடுகிறது.)

இனி அளவுக்கு வருவோம். பிழை சுத்தமாக அரை மணி, ஒரு மணிக் கணக்கில், உதிரி நிமிடம் இல்லாமல் வந்தால் கடிகாரம் கெடவில்லை. பெரும்பாலும் நேர மண்டலம்தான் தப்பு. அலுவலகங்களில் அதிகம் பார்ப்பது பதிமூன்றரை மணி நேரம் பின்தங்கிய கணினி. கோடை மாதங்களில் அதுவே பன்னிரண்டரை மணி. விண்டோஸைப் புதிதாக நிறுவியவர் நேர மண்டலத்தைக் கவனிக்காமல் விட்டதால் அமெரிக்க மேற்குக் கரை நேரத்தில் அது உட்கார்ந்திருக்கிறது. அங்கே கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளுவதால்தான் நமக்கு இரண்டு அளவு.

இதைவிட மோசம், மண்டலத்தை அப்படியே விட்டுவிட்டு மணியை மட்டும் கையால் சரிசெய்து வைப்பது. மூலையில் எல்லாம் ஒழுங்காகத் தெரியும். ஆனால் உள்ளே கணினி உலக நேரத்தைத் தப்பாகக் கணக்கிடும். அந்த மேசையிலிருந்து காலை பத்து மணிக் கூட்டத்துக்கு அழைப்பு அனுப்பினால், பெறுபவர் நாட்காட்டியில் இரவு பத்தரை அல்லது பதினொன்றரை என்று போய் விழும். வாடிக்கையாளர் கூட்டத்துக்கு வரவில்லை என்று மேலாளர் கோபப்படுவார். அவர் வராததற்குக் காரணம் நேர மண்டலம் என்று யாருக்கும் தோன்றாது. எனவே மணியைப் பார்ப்பதற்கு முன்பே மண்டலத்தைப் பாருங்கள். செட்டிங்ஸில் 'டைம் அண்ட் லாங்குவேஜ்', அதற்குள் 'டேட் அண்ட் டைம்'. விண்டோஸ் பட்டியலில் நமக்கான வரி சென்னையில்தான் தொடங்குகிறது: சென்னை, கொல்கத்தா, மும்பை, புதுடெல்லி. லினக்ஸில் சென்னையைத் தேடினால் கிடைக்காது, ஆசியா என்பதன் கீழ் கொல்கத்தாவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இலங்கை வாசகர்களுக்கு விண்டோஸில் ஸ்ரீ ஜெயவர்தனபுர என்று தனி வரி உண்டு, லினக்ஸில் கொழும்பு. அங்கே 1996இல் கடிகாரத்தை முன்தள்ளி, 2006 ஏப்ரலில்தான் மறுபடி ஐந்தரைக்குத் திருப்பினார்கள். அந்தக் காலத்து விண்டோஸ் இன்னும் ஓடும் பழைய கணினி ஒன்று அரை மணி முன்னால் நின்றால், அது எந்த ஆண்டு வழக்கத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று யோசியுங்கள்.

சரியாக ஐந்தரை மணி தப்பினால் முதல் கேள்வி: இந்தக் கணினியில் லினக்ஸும் இருக்கிறதா? பொறியியல் கல்லூரி முடித்த பிள்ளைகளின் மடிக்கணினிகளில் இதைத்தான் மிகுதியாகப் பார்க்கிறேன். மதர்போர்டுக் கடிகாரத்தில் உள்ளூர் நேரம் இருப்பதாக விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். அங்கே உலகப் பொது நேரம் இருப்பதாக லினக்ஸ் எடுத்துக்கொள்ளும். ஒரே பலகையில் இரண்டு பேர் இரண்டு மொழியில் எழுதுகிறார்கள். லினக்ஸில் வேலை பார்த்துவிட்டு மதியம் இரண்டு மணிக்கு விண்டோஸுக்குப் போனால் காலை எட்டரை என்று காட்டும். இதற்காக மதர்போர்டையே மாற்றச் சொன்ன கடையும் உண்டு. தேவையே இல்லை. இரண்டில் ஒன்றை மற்றதன் வழிக்குக் கொண்டுவந்தால் போதும். விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் 'ரியல்டைம் இஸ் யுனிவர்சல்' என்ற பெயரை இடைவெளி இல்லாமல் சேர்த்தெழுதி, ஒன்று என்ற மதிப்போடு சேர்க்கலாம். அல்லது லினக்ஸிடம் ஒரு வரிக் கட்டளையில் உள்ளூர் நேரத்தையே படிக்கச் சொல்லலாம். இரண்டையும் ஒருசேரச் செய்துவிடாதீர்கள், இடம் மாறிய அதே சண்டை திரும்பும். நான் விண்டோஸ் பக்கம் மாற்றுவதையே விரும்புகிறேன். உள்ளூர் நேர முறையில் ஓடும்போது லினக்ஸே எச்சரிக்கை காட்டுகிறது.

பன்னிரண்டு மணி நேரம் தப்பினால் யாரோ கையால் மாற்றும்போது முற்பகல், பிற்பகலைக் குழப்பியிருக்கிறார்கள். மணி சரி, தேதி மட்டும் விசித்திரம் என்றால் வடிவமைப்பையும் பாருங்கள். ஏப்ரல் மூன்றாம் தேதியை அமெரிக்க வழக்கப்படி 04/03 என்று காட்டினால் மார்ச் நான்கு என்றுதான் நம் கண் படிக்கும். அங்கே திருத்த வேண்டியது பிராந்திய அமைப்பு.

அடுத்தது எல்லோருக்கும் தெரிந்த காரணம், பேட்டரி. காலையில் இயக்கியதும் ஆண்டே மாறியிருக்கும், அல்லது நேற்று அணைத்த நேரத்திலேயே நிற்கும். சில பலகைகளில் 'சிமாஸ் செக்சம் எரர்' என்ற செய்தி வந்து எஃப்1 விசையை அழுத்தச் சொல்லும். எழுதுவதற்கு எளிது, ஆனால் கவனக்குறைவால் நாள் முழுவதும் வீணாவதும் இங்கேதான். அதனால் சற்று நின்று பார்ப்போம்.

பெரும்பாலான மேசைக் கணினிகளில் இருப்பது சிஆர் 2032 என்ற லித்தியம் செல். எண்ணிலேயே அளவு இருக்கிறது: 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். மின்னழுத்தம் 3 வோல்ட். மூன்று முதல் ஐந்து ஆண்டு சாதாரணமாக உழைக்கும். நம் ஊர் அலுவலகங்களில் சில கணினிகளில் அதற்கு முன்பே தீர்ந்துபோவதற்கு ஒரு காரணம் உண்டு. சுவர் சுவிட்ச் அணையாமல் இருக்கும்வரை, கணினியை ஷட் டவுன் செய்திருந்தாலும், மின்வழங்கியிலிருந்து கொஞ்சம் மின்சாரம் பலகைக்கு வந்துகொண்டிருக்கும். கடிகாரம் அதில் ஓடும், செல் ஓய்வெடுக்கும். நாம் இரவில் மெயினையே அணைத்துவிட்டுப் போகிறோம். அப்போது விடியும்வரை செல்தான் உழைக்கிறது. மெயினை அணைப்பது நல்ல பழக்கம், அதை மாற்றச் சொல்ல மாட்டேன். செல்லை மட்டும் முன்கூட்டியே மாற்றிவிடுங்கள். ஒரு காபி வடை செலவுக்குள் கிடைக்கும் பொருள் அது.

மாற்றும் முன் இரண்டு காரியம். பயாஸ் திரைகளை ஒன்றுவிடாமல் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் அலுவலகத்தில் சம்பளக் கணக்கு ஓடும் கணினிக்கு இதைச் செய்யாமல் செல் மாற்றினேன். பயாஸ் தன் தொழிற்சாலை நிலைக்குப் போயிற்று. வன்தட்டு இயங்கும் முறை மாறியதால் விண்டோஸ் எழவே இல்லை. பழைய அமைப்பு என்னவென்று எவருக்கும் தெரியவில்லை. ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து மீட்பதற்குள் இருட்டிவிட்டது. நாற்பது பேருடைய சம்பளம் ஒரு நாள் தள்ளிப்போனது இன்னும் எனக்கு உறுத்துகிறது. இரண்டாவது, கணினியில் பிட்லாக்கர் பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதன் மீட்புச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேபினெட்டைத் திறக்க வேண்டும். பயாஸ் அமைப்பு மாறினால் விண்டோஸ் அந்தச் சாவியை, ஒரு 48 இலக்க எண்ணை, கேட்கக்கூடும். அது கையில் இல்லையென்றால் உள்ளே இருப்பதை நீங்களும் பார்க்க முடியாது, முதலாளியும் பார்க்க முடியாது.

பிறகு மின்கம்பியைக் கழற்றி, பவர் பொத்தானைச் சில விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடித்துவிட்டு, பக்கத்துக் கொக்கியை நகம் அல்லது பிளாஸ்டிக் முனையால் தள்ளினால் செல் மேலே எழும்பும். மல்டிமீட்டர் இருந்தால் அளந்து பாருங்கள். புதுச் செல் 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும். 2.7க்குக் கீழே போயிருந்தால் நான் திரும்பப் போடுவதில்லை. எழுத்துள்ள பக்கம் மேலே வரும்படி புதியதை வையுங்கள். கழற்றிய பழைய செல்லை மேசையில் விட்டுவிட்டு வராதீர்கள். வீட்டுக் கணினி என்றால் இதை இரட்டிப்புக் கவனத்தோடு சொல்வேன். தீர்ந்துபோன செல்லாக இருந்தாலும் குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக் குழாயை அரித்துவிடக்கூடும். இரு பக்கமும் ஒட்டுநாடா ஒட்டி, பையில் போட்டு, மின்கழிவோடு சேர்க்க வேண்டும்.

மடிக்கணினிகள் வேறு விதம். சிலவற்றில் இதே செல் கறுப்பு உறைக்குள் ஒயரோடு இருக்கும். சிலவற்றில் தனிச் செல்லே கிடையாது, பெரிய பேட்டரியே கடிகாரத்தையும் பார்த்துக்கொள்ளும். பீரோவில் பல மாதம் கிடந்த மடிக்கணினி தப்பான தேதியோடு எழுந்தால் உடனே திறக்காதீர்கள். முழுக்கச் சார்ஜ் செய்து, நேரத்தைத் திருத்தி, இரண்டு மூன்று நாள் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இங்கே ஒரு நுணுக்கம், பல அனுபவசாலிகளும் தவறவிடுவது. "ஆட்டோமேட்டிக் டைம் ஆன்லதான் இருக்கு, நெட்டும் இருக்கு, அப்புறம் ஏன் தானா சரியாகல?" என்று கேட்பார்கள். தனிக் கணினிகளில் விண்டோஸின் நேரச் சேவைக்கு இயல்பாகவே ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள்: 54,000 விநாடி, அதாவது 15 மணி நேரம். அதற்கு மேல் வித்தியாசம் இருந்தால், வெளியிலிருந்து வரும் நேரத்தின் மேல்தான் அது சந்தேகப்படும். தப்பான ஒரு வழங்கி மொத்தக் கணினியையும் வேறோர் ஆண்டுக்குத் தள்ளிவிடக் கூடாது என்ற எச்சரிக்கை அது. ஆகவே செல் தீர்ந்து 2015க்குப் போன கணினியை முதலில் கையால் இன்றைய தேதிக்கும் தோராயமான மணிக்கும் கொண்டுவாருங்கள். பிறகு 'சிங்க் நவ்' பொத்தானை அழுத்துங்கள். இந்த வரிசையில் செய்தால் நடக்கும்.

சில நிமிடங்கள் மட்டும், நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகும் பிழைக்கு வருவோம். படிகத்தின் இயல்பான பிசகைத் திருத்த வேண்டிய இணையத் தொடர்பு நடக்கவில்லை என்றுதான் பெரும்பாலும் பொருள். 'டேட் அண்ட் டைம்' பக்கத்தில் கடைசியாக எப்போது ஒத்திசைந்தது என்று எழுதியிருக்கும். அது மூன்று மாதம் முந்தைய தேதியாக இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. சர்வீசஸ் பட்டியலில் 'விண்டோஸ் டைம்' முடக்கப்பட்டிருக்கிறதா பாருங்கள். கணினியை வேகப்படுத்துகிறேன் என்று சொல்லும் சில மென்பொருள்கள் இதை அணைத்துவிடுகின்றன. சேவை ஓடியும் நேரம் வரவில்லை என்றால் ஃபயர்வாலைப் பாருங்கள். நேரம் கேட்கும் செய்திகள் யுடிபி 123 என்ற வாசல் வழியாகப் போகும். அலுவலக ரவுட்டரில் அதை அடைத்துவைத்திருந்தால் உலாவலும் மின்னஞ்சலும் நன்றாக ஓடும், நேரம் மட்டும் வராது.

இந்தச் செய்திகளின் நெறிமுறைக்கு என்டிபி என்று பெயர். அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டேவிட் மில்ஸ் உருவாக்கியது, 1985இல் வெளிவந்தது. கேள்வி புறப்பட்ட நேரம், போய்ச் சேர்ந்த நேரம், பதில் கிளம்பிய நேரம், வந்து சேர்ந்த நேரம் ஆகிய நான்கையும் வைத்து வழியில் செலவான நேரத்தைக் கழித்துவிடும் அழகான கணக்கு. மெதுவான இணைப்பிலும் நேரம் துல்லியமாக வருவது இதனால்தான். விண்டோஸ் இயல்பாக மைக்ரோசாஃப்ட்டின் வழங்கியைக் கேட்கும். இந்தியாவில் இருக்கும் அலுவலகம் என்றால், புதுடெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் வழங்கியைக் கேட்கச் செய்வது நல்லது. நாட்டின் அதிகாரபூர்வ நேரத்தைச் சீசியம் அணுக் கடிகாரங்களால் பேணுவது அவர்கள்தான்.

ஒத்திசைவு நடந்தும் தப்பினால் ஒரு நாள் சோதனை வையுங்கள். தானியங்கித் திருத்தத்தை அணைத்துவிட்டு, காலை ஒன்பதுக்குச் செல்போனோடு ஒப்பிட்டுக் குறியுங்கள். கணினியை அணைக்காமல் மாலை ஆறுக்கு மறுபடி குறியுங்கள். பிறகு அணைத்துவிட்டு மறுநாள் காலை எழுப்பிக் குறியுங்கள். பகலில் விழுந்த பிழையும் இரவில் விழுந்த பிழையும் தனித்தனியாகக் கையில் இருக்கும். இரவில் மட்டும் விழுந்தால் ஆண்டு மாறாவிட்டாலும் செல்லை மாற்றிப் பாருங்கள். பலவீனமான செல் கடிகாரத்தை நிறுத்துவதற்கு முன் தடுமாறவிடும். பகலில் விழுந்தால் பயாஸ் புதுப்பிப்பு, டிரைவர்கள் என்று தேட வேண்டும். அந்தக் 'கணினி' ஒரு மெய்நிகர் இயந்திரம் என்றால், அதைத் தாங்கும் கணினியும் உள்ளே ஓடும் விண்டோஸும் ஒரே கடிகாரத்தை இரு பக்கமும் இழுக்கின்றனவா என்று பாருங்கள். இருவரில் ஒருவருக்கே அந்த உரிமையைக் கொடுக்க வேண்டும்.

டொமைனில் இணைந்த அலுவலகக் கணினியில் தனியாகக் கைவைக்காதீர்கள். அது டொமைன் கன்ட்ரோலரிடம்தான் நேரம் கேட்கும். கன்ட்ரோலர்கள் தங்களுக்குள் ஒரு தலைவரைக் கேட்கும். அந்தத் தலைமைக் கணினி தப்பினால் அலுவலகம் முழுவதும் ஒற்றுமையாகத் தப்பும், அதனால் யாரும் கவனிக்க மாட்டார்கள். அங்கே ஒரே ஒரு கணினி மட்டும் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் ஏற்க மறுத்தால் கடவுச்சொல்லை மாற்றும் முன் கடிகாரத்தைப் பாருங்கள். விண்டோஸின் உள்நுழைவு முறையான கெர்பரோஸ் இயல்பாக ஐந்து நிமிட வித்தியாசம்வரைதான் பொறுத்துக்கொள்ளும். செல்போனில் ஆறு இலக்கம் காட்டும் உறுதிப்பாட்டுச் செயலிகளுக்குப் பொறுமை இன்னும் குறைவு. பெரும்பாலும் முப்பது விநாடிக்கு ஒருமுறை எண் மாறும். செல்போனோ வழங்கியோ இரண்டு நிமிடம் தப்பினால் சரியான எண்ணும் தப்பாகிவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு, சொல்லச் சங்கடமானது: யாரோ வேண்டுமென்றே மாற்றுகிறார்கள். சோதனைக் காலம் முடிந்த மென்பொருளை நீட்டிக்க, அல்லது பழைய தேதியில் ஒரு பதிவு போட. யாரையும் கை காட்டும் முன் விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டைத் திறங்கள். பாதுகாப்புப் பிரிவில் 4616 என்ற எண்ணோடு, பழைய நேரம், புது நேரம், எந்தப் பயனர், எந்த நிரல் என்று எழுதியிருக்கும். நேரச் சேவை செய்த மாற்றமும் அங்கேதான் பதிவாகும், அதனால் நிதானமாகப் படியுங்கள். மனிதர் செய்த மாற்றம் என்று உறுதியானால் மேலாளரிடம் தனியாகச் சொல்லுங்கள். சாதாரணப் பயனர்களிடமிருந்து நேரத்தை மாற்றும் அனுமதியை எடுத்துவிடுவதும் உங்கள் வேலையே.

இதைச் சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்கு இரண்டு விதிகளைக் காட்டுவேன். 2023 ஏப்ரல் 1 முதல், இந்தியாவில் பதிவு செய்யப்பட்ட நிறுவனங்கள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவை அணைக்க முடியாதபடி இருக்க வேண்டும். தனிக் கணினியில் ஓடும் மென்பொருள் அந்தத் தேதியைப் பெரும்பாலும் கணினிக் கடிகாரத்திடம்தான் கேட்கிறது. இரண்டாவது, இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28இல் வெளியிட்ட ஆணை. நிறுவனங்கள் தங்கள் கணினிக் கடிகாரங்களைத் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர வழங்கிகளோடு, அல்லது அவற்றோடு தொடர்புள்ள வழங்கிகளோடு ஒத்திசைத்து வைக்க வேண்டும். பதிவேடுகளை 180 நாள் காக்க வேண்டும். வேலை தேடுபவர்களுக்கும் இது சின்ன விஷயம் அல்ல: 'கணினியை ஒவ்வொரு முறை இயக்கும்போதும் தேதி மாறுகிறது, என்ன செய்வீர்கள்' என்பது நேர்முகத் தேர்வுகளில் அடிக்கடி வரும் கேள்வி. செல் மாற்றுவேன் என்று எல்லோரும் சொல்வார்கள். பிழையை அளப்பேன், பயாஸைப் படம் எடுப்பேன், பிட்லாக்கர் சாவி கேட்பேன், மாற்றியபின் ஒத்திசைவைச் சோதிப்பேன் என்று வரிசையாகச் சொல்பவருக்கு அந்த வேலை தெரிந்திருக்கிறது என்று எதிரே இருப்பவருக்குப் புரிந்துவிடும்.

திருத்தி முடித்ததும் ஒரு வேலை மிச்சமிருக்கிறது. பலரும் விட்டுவிடுவது அதைத்தான். தப்பான கடிகாரம் ஓடிய நாட்களில் அந்தக் கணினி எதையெல்லாம் எழுதியது என்று கேட்டறிய வேண்டும். ஒரு பின்னலாடை நிறுவனத்தில் விரல்ரேகை வருகைப் பதிவு இயந்திரம் அலுவலகக் கணினியிடமிருந்து நேரம் வாங்கிக்கொண்டிருந்தது. கணினி பதினொரு நிமிடம் முன்னால் ஓடியது. எட்டரை ஷிஃப்டுக்கு எட்டு இருபத்தைந்துக்கே வந்து விரல் வைத்த பெண்கள் எட்டு முப்பத்தாறுக்கு வந்ததாகப் பதிவானார்கள். மூன்று முறை தாமதமானால் அரை நாள் சம்பளம் பிடிப்பது அங்கே வழக்கம். "நாங்க நேரத்துக்குத்தானுங்க வர்றோம்" என்று அவர்கள் சொன்னதை இரண்டு வாரமாக யாரும் நம்பவில்லை, இயந்திரம் பொய் சொல்லாது என்று எல்லோரும் நினைத்தார்கள். கடிகாரத்தைத் திருத்தும் முன் அந்தப் பதினொரு நிமிடத்தை நான் எழுதிவைத்திருந்ததால்தான் பிடித்த பணத்தைத் திருப்பிக்கொடுக்கக் கணக்குப் பிரிவுக்கு ஓர் ஆதாரம் கிடைத்தது.

ஆகவே பணிப்பதிவில் 'நேரம் சரிசெய்யப்பட்டது' என்று ஒற்றை வரியில் முடிக்காதீர்கள். எவ்வளவு தப்பு, எந்தத் திசையில், எந்த நாளிலிருந்து, என்ன காரணம், எந்தக் கோப்புகளும் பதிவுகளும் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று நான்கு வரி எழுதுங்கள். கணக்கருக்கும் மனிதவளப் பிரிவுக்கும் ஒரு பிரதி போகட்டும். அப்படியே கண்காணிப்பு கேமராவின் பதிவுக் கருவியையும் ஒரு பார்வை பாருங்கள். அதற்குள்ளும் ஒரு சின்னச் செல்லும் ஒரு படிகமும் இருக்கின்றன, அதன் கடிகாரத்தைத் திருட்டு நடந்த பிறகுதான் பெரும்பாலான இடங்களில் பார்க்கிறார்கள். செல் மாற்றிய கேபினெட்டை மூடும் முன், மாதத்தையும் ஆண்டையும் துண்டுக் காகிதத்தில் எழுதி உள்பக்கத் தகட்டில் ஒட்டிவிட்டு மூடுங்கள். மூன்று ஆண்டு கழித்து அதைத் திறப்பவர் நீங்களாக இருக்க வேண்டியதில்லை.